உப்பு பார்த்த நாள்

பிரிஞ்சாங் சந்தையில் மாட்டின் நெஞ்சுக்கறி வாங்கி வந்தேன். வெந்ததைப் பிய்க்கும்போது எழுந்த ஆவியில், தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீடு நினைவுக்கு வந்தது.

"நெஞ்சுக்கறிதான் நாரு நாராப் பிரியும்லா" என்று அப்பாவே பார்த்து வாங்கி வருவார். அம்மா மாட்டுக்கறியை வாயில் வைத்ததேயில்லை. ஆனாலும் லைனுக்குப் பின்னால் தனி அடுப்பில், தனிச் சட்டியில் வேகவைத்துப் பிய்த்து, பிரட்டிக் கொடுப்பாள். உப்பு பார்ப்பது அப்பாதான்.

படுக்கையில் விழுந்த பிறகும் ஒருநாள் அதைத்தான் கேட்டார். ஒரு வாய் தின்றுவிட்டு, "உப்பு போட்டியா புள்ள? ஒன்னுமே தெரியலியே" என்றார்.

அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு நாரை நாக்கில் வைத்தாள்.

"சரியாத்தாங்க இருக்கு."

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது உப்பு பார்க்க நானும் ஒரு நாரை எடுத்தேன். கண் தானாக மூடிக்கொண்டது.