'வா' என்றால் வராத நாய்

என் அண்ணி போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாணப் படம், குழந்தைப் படமெல்லாம் இப்போது செல்போனிலேயே முடிந்துவிடுவதால், கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பாஸ்போர்ட் சைஸுக்கு வருகிறவர்கள். மீதிப் பாதி நாய்கள்.

நாய்கள் தாமாக வருவதில்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் யாரோ அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டுப் போன குட்டிகள், சாக்கடை ஓரம் கத்திக்கொண்டிருப்பவை, வீடு மாற்றிப் போனவர்கள் மறந்துவிட்டுப் போனவை. பீரோவை மறக்க மாட்டார்கள், குக்கர் வெயிட்டை மறக்க மாட்டார்கள், நாயை மட்டும் மறந்துவிடுவார்கள். எனக்கு நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். அண்ணி யாரையும் திட்ட மாட்டார். தூக்கி வந்து குளிப்பாட்டி, ஊசி போட்டு, ஸ்டூலில் உட்காரவைத்துப் படம் எடுத்துக் கடையின் கண்ணாடிக் கதவில் ஒட்டுவார். படத்துக்குக் கீழே 'வீடு தேவை' என்று எழுதுவதும், ஸ்டூலுக்குக் கீழே துடைப்பதும் என் வேலை.

ஆரம்பத்தில் ஒரு வெள்ளைக் குட்டியை வெள்ளைத் திரைக்கு முன்னால் வைத்து எடுத்துவிட்டார். படத்தில் இரண்டு கண்ணும் ஒரு மூக்கும்தான் இருந்தன. ஒரு வாரமாக யாரும் சீண்டவில்லை. "மூணு பொத்தானுக்கு யாரு அண்ணி வீடு குடுப்பாங்க" என்று நான் கேட்ட பிறகுதான் நீலத் திரை போட்டார். அன்று சாயங்காலமே ஒருவர் வந்து குட்டியை அள்ளிக்கொண்டு போனார். அவர் தையல்காரர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணியின் வாய் ஒரு தனி ரகம். நாளெல்லாம் "வாங்க, உட்காருங்க, நிமிருங்க, இங்க பாருங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லி நாக்கு அப்படியே பழகிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அதே மரியாதை, நாய்க்கும் அதே மரியாதை. "ஏங்க செருப்பக் கடிக்கிறீங்க, கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்று உள்ளங்கை அளவுக் குட்டியிடம் கெஞ்சிக்கொண்டிருப்பார். அதே வாய் என் பக்கம் திரும்பினால், "ஏய், கத்திரிக்கோல எங்கடி வச்ச" என்று வரும். நாயாகப் பிறந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றிய நாட்கள் உண்டு.

குட்டிகளால் பிரச்சினை இல்லை. சின்ன வயதிலேயே போவதால், போகிற வீட்டுப் பேச்சைப் பிடித்துக்கொள்ளும். மேனேஜர் விஷயம் வேறு.

மேனேஜர் முழுதாக வளர்ந்த நாய். ஒரு காது பாதிதான் இருக்கும். ஒருநாள் காலையில் கடை திறக்கப் போனால், யாரோ மகானுபாவர் அவரை ஷட்டர் பூட்டிலேயே நைலான் கயிற்றால் கட்டிவிட்டுப் போயிருந்தார். அவிழ்த்து உள்ளே விட்டதும் நேராகப் போய்ச் சுழல் நாற்காலியில் ஏறி, நிமிர்ந்து உட்கார்ந்து, எங்கள் இருவரையும் ஏன் தாமதம் என்பதுபோல் பார்த்தார். பெயர் தானாக வந்துவிட்டது. 'அவர்' என்றுதான் எழுதுகிறேன். 'அது' என்று எழுதினால் அண்ணி திருத்துவார்.

முந்தைய வீட்டில் அவரோடு யாரும் பேசியதே இல்லை போலிருக்கிறது. முதலில் எந்தச் சொல்லுக்கும் அசையவில்லை. கேமராவுக்குப் பக்கத்திலேயே படுத்து, அண்ணி பேசுவதைக் கேட்டுக் கேட்டு, நடுநடுவே பிஸ்கட்டும் சேர்ந்துகொண்டதில், எல்லாம் கற்றுக்கொண்டார். "வாங்க" என்றால் வருவார். "உட்காருங்க" என்றால் உட்காருவார். "அசையாதீங்க" என்றால் மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டார். "கொஞ்சம் சிரிங்க" என்றால் உதட்டைத் தூக்கிக் கடைவாய் வரைக்கும் காட்டுவார். அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை.

மாடியில் இருக்கும் ஓனரம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. குட்டிகள் வரும், போகும், அதனால் விட்டுவைத்திருந்தார். "இந்தப் பெரிய மனுஷன் போற மாதிரி தெரியலையே. மாசக் கடைசிக்குள்ள ஒண்ணு நாய் போகணும், இல்லன்னா ஸ்டூடியோ போகணும்" என்று படியில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்குக் கூட்டிப்போகவும் வழியில்லை. நாய் முடி பட்டாலே என் அண்ணனுக்கு இழுப்பு வந்துவிடும். கதவில் படம் ஒட்டினோம். வந்தவர்கள் எல்லோரும் குட்டி கேட்டார்கள், அரைக் காதுக்காரரை யாரும் கேட்கவில்லை. "பழையபடி தெருவுலதான் விடணும் போல" என்று நான் வாய் தவறிச் சொன்னதற்கு அண்ணி உள்ளறைக்குப் போய் அழுதார். நானும் போய் அழுதேன். மேனேஜர் வந்து இரண்டு பேரையும் நக்கினார்.

அந்த வாரம்தான் டயர் கடைக்காரரும் அவர் மனைவியும் படம் எடுக்க வந்தார்கள். அவர் ரகசியம் சொன்னால் எதிர்க்கடைக்காரர் பதில் சொல்வார், அப்படி ஒரு குரல். மனைவி அதற்கு நேர்மாறு. கணவர் "ஏய், வா" என்றால் வந்தார், "உக்காரு" என்றால் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் மேனேஜர் இருந்தார். தலையைத் தூக்கி அந்த அம்மாவின் மடியில் வைத்தார்.

"இவரு நம்ம வீட்டுக்கு வரட்டுமே" என்றார் அந்த அம்மா. அவர் வாய் திறந்து எதையும் கேட்டுப் பழக்கமில்லை போல. அந்த அதிர்ச்சியிலேயே கடைக்காரர், "சரி, குடோனுக்குக் காவலா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

பத்து நாள்கூட ஆகவில்லை, டயர் கடை டெம்போ எங்கள் வாசலில் வந்து நின்றது. பின்னால் மேனேஜர் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு இறங்க மறுக்க, கடைக்காரர் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். முன் சீட்டில் அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"காது கேக்காத நாய என் தலைல கட்டிட்டீங்க" என்றார் கடைக்காரர். "வான்னா வராது, உக்காருன்னா உக்காராது. தொண்ட கிழியக் கத்துறேன், கல்லு மாதிரி நிக்குது. வீட்டுக்கு யாராவது வந்தா மட்டும் ஓடி வந்து அவங்களுக்கு முன்னாடி சோபால ஏறி உக்காந்துக்குது. அதையும் பொறுத்துக்கிட்டேன். நேத்து எங்க மச்சான் வந்தாரு. ஆறு மாசமா பேச்சுவார்த்த இல்ல. இன்னும் என்ன மச்சான் கோவம், கொஞ்சம் சிரிங்கன்னேன். பல்லக் காட்டிக்கிட்டு அவரு மூஞ்சிக்கு நேரா வந்து நிக்குது. மனுஷன் செருப்புகூடப் போடாம ஓடிட்டாரு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. மாடிப்படியில் ஓனரம்மா வேறு வந்து நின்றுவிட்டார். இந்தக் கயிறு கைமாறினால் மேனேஜருக்குத் தெருதான்.

"அவரு கடிக்க வரலைங்க" என்றார் அண்ணி. "நீங்க சிரிக்கச் சொன்னீங்க, சிரிச்சாரு. என் வாய் இப்படிப் பழகிருச்சு. அவருக்கு வா, போ புரியாது."

"என்ன, விளையாடுறீங்களா?"

அண்ணி டெம்போவைப் பார்த்து, "உட்காருங்க" என்றார். மேனேஜர் உட்கார்ந்தார். கடைக்காரரும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "கொஞ்சம் சிரிங்க" என்றார் அண்ணி. மேனேஜர் கடைவாய் வரைக்கும் காட்டினார். கடைக்காரர் சிரிக்கவில்லை.

"அப்போ நான் ஒரு நாயப் பாத்து 'வாங்க, போங்க'ன்னு கூப்பிடணுமா?" என்று அவர் எழுந்தார். "என் வீட்டுல நான் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லம்மா."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "வெளியாளுங்க வந்தா சொல்றீங்கல்ல, அதையே வீட்டுல இருக்கவங்களுக்கும் சொல்லிப் பாருங்க" என்றேன்.

என்னை முறைத்தார். கயிற்றை அண்ணியிடம் நீட்டினார். அண்ணி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். "ஒரே ஒரு தடவ கூப்பிட்டுப் பாருங்க. வரலன்னா நானே இறக்கிக்கிறேன்" என்றார்.

கடைக்காரர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். கயிற்றைக் கீழே போட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார். டெம்போவைப் பார்த்து, அந்த வாயிலிருந்துதான் வந்ததா என்று நம்ப முடியாத ஒரு சின்னக் குரலில், "வாங்க" என்றார்.

மேனேஜர் குதித்து இறங்கி ஓடி வந்தார்.

முன் கதவும் திறந்தது. அந்த அம்மா இறங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணவருக்கு எதிரில் வந்து நின்றார்.

"என்னையா கூப்பிட்டீங்க?"

டயர் கடைக்காரர் நாயைப் பார்த்தார். மனைவியை அதைவிட அதிக நேரம் பார்த்தார்.

"ரெண்டு பேரையும்தான்" என்றார். "ஏறுங்க, வீட்டுக்குப் போலாம்."