ஐந்தாவது பொம்மை தொட்டிலில் கிடக்கிறது

இன்று காலை தாகேதா பேட்டையில், பர்மியத் தமிழர்களான எங்கள் அம்மன் கோயில் மரத்தடியில், என் ஐந்தாவது பொம்மையைக் கண்டுபிடித்தேன். பிள்ளை வரம் கேட்டு யாரோ கட்டிய தொட்டிலுக்குள் படுத்திருந்தது.

அந்தக் காலத்தில் கனடாவில் ஒரே பிரசவத்தில் பிறந்த ஐந்து பெண்களைப் பார்த்துச் செய்த பொம்மைகள் அவை. நான்கை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக ஐந்தாவதைத் தேடுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். லத்தா பேட்டை நடைபாதையில் பழைய சாமான் விற்கும் கோ வின், கிடைத்தால் எனக்கென்று எடுத்துவைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

வாக்கு!

அவரிடம் அதை வாங்கித் தொட்டிலில் போட்டவள் எங்கள் தெரு மா லட்சுமி. அங்கேயே விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

"பெரிய புதுப் பொம்மை வாங்கித் தர்றேன், மாத்திக்கலாமா தங்கச்சி?"

"அம்மாவுக்குக் கட்டுனத அவுக்கச் சொல்றீங்களே அண்ணே!"

"இது மரத்தூளும் பசையும்மா. ஒரு மழை பட்டா உரிஞ்சு போயிடும்."

"அதுக்குள்ள எனக்குத் தங்கிடும்" என்று சிரித்தாள்.

பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "உங்ககிட்டதான் நாலு இருக்காமே. எனக்கு ஒன்னுகூட இல்லையே அண்ணே."



வீடு வந்து சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அலமாரியில் நான்கும், ஐந்தாவதற்கு நான் விட்டுவைத்த இடமும் இருக்கின்றன. அதன் முகம் இந்நேரம் உரிய ஆரம்பித்திருக்கும்.

கோ வின்னோடு இனிப் பேச்சில்லை. அம்மனோடும் இல்லை. லட்சுமியோடு மட்டும் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

யாருக்காவது பொம்மை வேண்டுமா? தனித்தனியாகவும் தருகிறேன்.