திரும்பப் பெற்ற கட்டுரை

பொங்கல் விடுமுறை முடிந்து ஆய்வகத்தைத் திறந்த காலையில் பழைய ஃப்ரீசரின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. வெள்ளைத் தரையில் மெல்லிய கோடாக ஓடிக் கதவுவரை வந்திருந்தது. சுவரில் ஃப்ரீசரின் சுவிட்ச் தானாகக் கீழிறங்கி, மின்சாரம் நின்றிருந்தது. மைனஸ் எண்பது டிகிரியில் இருக்க வேண்டிய பெட்டிக்குள் கையை விட்டேன். குழாய்த் தண்ணீர் அளவுக்குக்கூடக் குளிரவில்லை. அடுக்கடுக்காக நின்ற சின்னஞ்சிறு குழாய்களில் கல்லாக உறைந்திருக்க வேண்டிய ரத்த நீர் மஞ்சளாக ஆடியது. அலாரம் அடிக்கவில்லை. அது கெட்டுப்போய் மாதக்கணக்காகியிருந்தது.

சுவிட்சைத் தூக்கிவிட்டேன். தரையைத் துடைத்தேன். மாலைக்குள் எல்லாம் பழையபடி உறைந்துவிட்டது. ஃப்ரீசருக்கென்று இருந்த லாக் புக்கில் அன்றைய தேதிக்கு நேராக "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அப்போது நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஒப்பந்த டெக்னீஷியன். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று அந்த மாதம்தான் முடிவு செய்வார்கள். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவரை ஒரு கண்ணாடித் தகட்டுப் பெட்டியைக் கீழே போட்டதற்காக அனுப்பியிருந்தார்கள். பயந்தேன் என்பதைத் தவிர எனக்கு வேறு சமாதானம் இல்லை. உறைந்ததுதான் உறைந்துவிட்டதே, ரத்தம் எங்கே போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆய்வகம் நோயெதிர்ப்பியல் பேராசிரியருடையது. எல்லோரும் அவரை மேடம் என்போம். எழுதும்போதும் எனக்கு வேறு பெயர் வரவில்லை. ஐம்பதைத் தொட்ட, குள்ளமான பெண்மணி. தாம்பரத்திலிருந்து தினமும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தன் சிறிய காரைத் தானே ஓட்டிக்கொண்டு வருவார். பெருக்க வருபவரைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். வடக்குப்பட்டு விடுதி ஒன்றில் தங்கி, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும் வேலை உடம்பின் எதிர்ப்புச் சக்தியை என்ன செய்கிறது என்பது கேள்வி. வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் ஒரு முறை, ஒரு வருடம் கழித்து ஒரு முறை என அவர்களிடம் ரத்தம் எடுத்தது நான்தான். முதல் முறை எடுத்தவை புது ஃப்ரீசரில் இருந்தன. ஒரு வருடம் கழித்து எடுத்தவை பழையதில்.

சோதித்துப் பார்த்தபோது, எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ஒரு புரதம் ஒரு வருடத்தில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மேடம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இன்னொரு தடவை போடுங்கம்மா" என்றார். போட்டேன். அதே முடிவுதான். பழைய ஃப்ரீசர் நினைவுக்கு வந்தது. வாய் திறக்கவில்லை.

கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வந்தது. ஓர் ஆய்வாளரின் மதிப்பை இந்தக் காலத்தில் எப்படி அளக்கிறார்கள் என்பதை அதற்குப் பிறகுதான் அருகிலிருந்து பார்த்தேன். கட்டுரை எழுதினால் மட்டும் போதாது. மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் அதைச் சான்றாகக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு சைட்டேஷன். மாதந்தோறும் கணினியில் பார்த்து அந்த எண்ணிக்கையைக் கல்லூரிக் கோப்பில் ஏற்றும் வேலையும் என்னிடமே வந்தது. மேடத்தின் இருபது வருட உழைப்பெல்லாம் பத்து, பதினைந்து என்று நிற்க, இந்த ஒரு கட்டுரை மட்டும் நூறைத் தாண்டி ஓடியது. தமிழ் நாளிதழ்களிலும் அது செய்தியாக வந்தது. கல்லூரி முகப்பில் அவர் படத்தைப் போட்டு பேனர் வைத்தார்கள். ஆராய்ச்சி இயக்குநர் பதவி அவருக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது.

மூன்று வருடம் போனது. ஒருநாள் பட்டியலைப் புதுப்பிக்கும்போது, எங்கள் கட்டுரையைச் சுட்டியிருந்த ஒரு புதிய கட்டுரையைத் திறந்தேன். வேறொரு நாட்டில் அதே சோதனையைச் செய்து பார்த்திருக்கிறார்கள். புரதம் இறங்கவில்லை. எங்கள் முடிவு தங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று தெரியவில்லை என மரியாதையாக எழுதியிருந்தார்கள். எனக்குத் தெரிந்திருந்தது.

அன்று ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர், "இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்று கேட்டார். அவர் வல்லம் வடகாலில் கார் உதிரிபாகக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். முழுவதையும் சொன்னேன். டீ டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க லைன்ல ஒரு பீஸ் தப்பா போச்சுன்னா, அந்த லாட்டு முழுக்கத் திருப்பி எடுத்துகினு வரணும். வண்டில மாட்டி ஓட்டினு இருக்கறவனுக்கு அது தெரியாது. நமக்குத்தான் தெரியும்" என்றார். பிறகு, "வேலை போனா போவட்டும். நான் கீறேன்ல" என்றார்.

மறுநாள் காலை மேடத்தின் அறையில் நின்றபடியே சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எவ்வளவு நேரம் உருகி இருந்திருக்கும்?"

"தெரியாது மேடம். லீவு நாலு நாள்."

"நீங்க போங்க" என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்த இரண்டு நாளையும் நான் குறையாகச் சொல்லவில்லை. அவர் கோபப்படாமல் இருந்திருந்தால்தான் எனக்குப் பயமாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, புது ஃப்ரீசரில் மீதமிருந்த முதல்முறைக் குழாய்களில் பாதியை வெளியே எடுத்து வைக்கச் சொன்னார். நாலு நாள் மேசையிலேயே கிடந்தன. பிறகு திரும்ப உறையவைத்து, தொடாத மற்றப் பாதியோடு சேர்த்துச் சோதித்தோம். உருகிக் கிடந்தவற்றில் புரதம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஷிஃப்ட் அந்தப் புரதத்தை எதுவும் செய்திருக்கவில்லை. எங்கள் ஃப்ரீசர்தான் செய்திருந்தது.

மேடம் முடிவுத் தாளில் தேதி போட்டுக் கோப்பில் வைத்தார். "லாக் புக் எடுத்துட்டு வாங்க" என்றார். எடுத்து வந்தேன். "பழசை அடிக்க வேணாம். இன்னைக்குத் தேதி போட்டு, அன்னைக்கு என்ன நடந்ததுன்னு எழுதுங்க." உட்கார்ந்து எழுதினேன். எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

டீன் அறைக்கு நானும் கூடப் போனேன். கல்லூரியின் தர ஆய்வுக் குழு சில வாரங்களில் வரவிருந்தது. "யாரும் கேக்கலையே மேடம், நாமா எதுக்குச் சொல்லணும்? இயக்குநர் பதவி வேற பாக்கி இருக்கு" என்றார் டீன். பிறகு என் பக்கம் திரும்பி, "யாரு மறைச்சது, இந்தப் பொண்ணா?" என்றார்.

"அலாரம் ரிப்பேர்னு நான் மூணு லெட்டர் கொடுத்திருக்கேன் சார். ஜர்னலுக்கு எழுதும்போது அதையும் சேர்த்து அனுப்பட்டுமா?" என்றார் மேடம், குரலை உயர்த்தாமல். டீன் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்ட அறிவிப்பு நான்கே வரி. மாதிரிகளைச் சேமித்ததில் கோளாறு, முடிவு செல்லாது, பொறுப்பு முதன்மை ஆசிரியருடையது. அதில் என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. பேனர் இறங்கியது. பதவி வேறொருவருக்குப் போனது.

அதோடு அவர் விட்டுவிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு வடக்குப்பட்டு விடுதிக்குப் போனார். பழைய பெண்களில் பாதிப்பேர்தான் இருந்தார்கள். படியில் உட்கார்ந்து, தப்பு எங்களுடையது என்று விளக்கினார். தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, "அப்போ எங்க ரத்தத்துல ஒரு குறையும் இல்லன்னு சொல்லுதீங்களா மேடம்?" என்று கேட்டாள். "இந்தப் புரதத்துல இல்லம்மா. மத்தது எனக்குத் தெரியாது" என்றார் மேடம்.

அதற்கு அவள், "எங்கூட இருந்த பிள்ளைய அவ அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாவ. பேப்பர்ல பாத்துட்டு, உடம்பு கெட்டுப்போவும்னு" என்றாள்.

மேடம் அங்கேயே அந்த வீட்டுப் போன் எண்ணை வாங்கிப் பேசினார். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் இருந்த அந்தத் தகப்பனாரிடம், விடுதிப் படியில் உட்கார்ந்தபடி, "நான் தப்பா எழுதிட்டேங்க ஐயா" என்று சொன்னதை நான் கேட்டேன். தகப்பனார் போனை வைத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து அவர் மகளே எனக்குப் போனில் பேசினாள்: "அக்கா, அப்பா போகச் சொல்லிட்டாவ. ஒரகடத்துல வேற கம்பெனில ஆள் எடுக்காங்களாம்." மேடத்திடம் சொன்னபோது அவர் மைக்ராஸ்கோப்பை விட்டு என் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியை மட்டும் கழற்றித் துடைத்தார்.

பிறகு அந்த ஆய்வை முதலிலிருந்து மறுபடி செய்தோம். திரும்பி வந்த பெண்ணும் ரத்தம் கொடுக்கக் கை நீட்டினாள். ஷிஃப்ட் வேலையால் அந்தப் புரதம் மாறவில்லை என்பதே முடிவு. மாறவில்லை என்று சொல்லும் கட்டுரையை யார் விரும்பிப் போடுவார்கள்? அலைந்து திரிந்து ஒரு சிறிய ஆய்விதழில் வந்தது. ஆசிரியர் பெயர்களில் மூன்றாவதாக என் பெயர் இருந்தது. நான் வேண்டாம் என்றேன். "ரத்தம் எடுத்தது, வச்சுக் காப்பாத்துனது, அளந்தது யாரு?" என்று கேட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

திரும்பப் பெற்ற பின்பும் பழைய கட்டுரையைச் சிலர் சுட்டிக்கொண்டே இருந்தார்கள். அறிவிப்பைப் பார்த்திருக்க மாட்டார்கள். மாதந்தோறும் நான் பட்டியல் எடுத்துக் கொடுப்பேன். மேடம் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதுவார்: அது தவறு, தயவுசெய்து சான்றாகக் காட்ட வேண்டாம். தன் எண்ணிக்கையைத் தானே குறைக்கப் பாடுபட்ட ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் தப்புக்காக எழுதப்பட்ட கடிதங்கள் அவை. ஒன்றில்கூட அவர் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. இன்று நான் அதே ஆய்வகத்தில் மூத்த டெக்னீஷியன். புதிதாக வருபவர்கள் ஏதாவது உடைத்துவிட்டால் நேராக என்னிடம் வந்து சொல்கிறார்கள். நான் வாங்கிக்கொண்டதில் கொஞ்சத்தையாவது கொடுக்க முடிகிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

மேடம் ஓய்வு பெற்றுத் தாம்பரம் வீட்டில் இருக்கிறார். மாதம் ஒருமுறை போனில் பட்டியலைச் சொல்வேன். போன வாரமும் கூப்பிட்டேன்.

"பழசுக்கு இந்த மாசம் யாரும் இல்ல மேடம்."

"அப்பாடா" என்றார்.

"புதுசுக்கு ஒண்ணு வந்திருக்கு."

"என்ன சொல்லியிருக்காங்க? வாசிங்க" என்றார். என் இங்கிலீஷில் தடுக்கித் தடுக்கி அந்த வாக்கியத்தை வாசித்தேன். ஷிஃப்ட் மாறி மாறி உழைக்கும் பெண்களிடம் இந்தப் புரதம் குறையவில்லை என்று தெரியவந்துள்ளது என எழுதி, பக்கத்தில் சான்றுப் பட்டியலில் எங்கள் கட்டுரைக்கான எண்ணைப் போட்டிருந்தார்கள்.

"சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றார் மேடம். பிறகு, "உங்களுக்கு முதல் சைட்டேஷன்மா இது. வீட்டுல சொல்லுங்க."