சித்தியின் பட்டன்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது என் சித்தப்பாவுக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், ஒரு மழை நாளில். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மனுஷன். பேய் என்றாலே வாய்விட்டுச் சிரிப்பார். இதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை.

சித்திக்குக் கை கால் அசைவு போய், பேச்சும் போய், ஒரு விரல்தான் மிஞ்சியது. அந்த விரலடியில் ஒரு சிவப்புப் பட்டனை வைத்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் எழுத்துகள் வரிசையாக ஓடும். வேண்டிய எழுத்து வரும்போது அமுக்கினால் ‘பீப்’ என்று பதியும். மூன்று வருஷம் அந்தப் பட்டனை வைத்தே சித்தி குடித்தனம் நடத்தினாள். கடைக்குக் கிளம்புகிறவரை நிறுத்தி, கசங்கிய சட்டையை மாற்றவைப்பாள்.

கடைசிப் பத்து நாள் ஓர் எழுத்துகூட வரவில்லை. விரலிலும் பலம் போயிருக்கும் என்றார் டாக்டர். சித்தப்பாவுக்கு மனம் ஆறவில்லை. தன்மேல் ஏதோ கோபம் என்றே நினைத்தார். “ஒரு வார்த்தை சொல்லும்மா” என்று கெஞ்சினார். சித்தி அவரையே பார்த்தாள். கண்ணோரம் நீர் வழிந்தது. அப்படியே போய்விட்டாள்.

ஆறு வருஷம் கழித்து, கடைக்கு வந்த ஒருவர் தன் மனைவிக்கும் அதே கதி என்று சொல்லி உடைந்து அழுதார். அவருக்குக் கொடுக்கலாமென்று சித்தப்பா வீட்டு அலமாரியிலிருந்து பட்டனை எடுத்தார். பழைய கம்ப்யூட்டர் எப்போதோ உயிரை விட்டிருந்தது. புதியதில் அந்தத் தடித்த பிளக்கைச் செருக இடமே இல்லை. நடுவில் மாட்ட ஒரு கேபிள் வாங்கினார். பழைய சிடியிலிருந்து பட்டனுக்கான டிரைவர் மென்பொருளை ஏற்றினால், புது சிஸ்டம் யாரோ எவரோ என்பதுபோல் ‘அறியாத சாதனம்’ என்று கையை விரித்தது. மகள் போனில் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்.

அந்த மழை நாள் மதியம் ஒருவழியாக ஏற்றுக்கொண்டது. எழுத்துகள் ஓடின. பட்டனை அமுக்கினார். ஒன்றும் பதியவில்லை. மறுபடியும் அமுக்கினார். இல்லை.

“சரி, உனக்கும் கோவம்” என்றுவிட்டு டீ போட எழுந்தார்.

அடுப்பைப் பற்றவைத்தார்.

பீப்.

வீட்டில் வேறு யாரும் இல்லை.

பீப்… பீப்…

அறைக்கு ஓடினார். பட்டன் மேசைமேல் தனியாகக் கிடந்தது. திரையில் ஒரு சொல்.

என்னங்க

சித்தி அவரை அப்படித்தான் கூப்பிடுவாள்.

“நீயாம்மா?” என்றார்.

எழுத்துகள் ஓடின. நின்றன. ஓடின…

அமுக்கிட்டேதான்

பீப்… பீப்…

இருக்கேன்

அதோடு சரி. அடுப்பில் தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகும்வரை சித்தப்பா அசையவில்லை.

மறுநாள் பட்டனை ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனார். மனைவியின் பட்டன் என்று மட்டும் சொன்னார்; நடந்ததைச் சொல்லவில்லை. அவர் வயரின் உறையைக் கீறிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“உள்ள ரெண்டு துண்டா அறுந்திருக்கு சார்.”

“நேத்து வேலை செஞ்சுதே.”

“வாய்ப்பே இல்ல. செம்புக் கம்பியில பச்சை பூத்திருக்கு பாருங்க, அறுந்து பல வருஷம் ஆச்சு. எதுலயோ மாட்டி நசுங்கின தடம் இது. எங்க வெச்சிருந்தீங்க?”

“கட்டில்ல… தலைப்பக்கம் ஏத்தி இறக்குற கட்டில்.”

“அப்போ அந்தக் கம்பியில மாட்டி, அங்கயே அறுந்திருக்கும்” என்றார் அவர். “அதுக்கப்புறம் அவங்க எவ்வளவு அமுக்கியிருந்தாலும், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது சார்.”