கல்குட்டைத் தார்

"மோட்டார் திருடன் போறான் பாரு" என்று அந்தக் காலனியில் இன்றைக்கும் என் முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அதைவிட எனக்கு வயிறு எரிவது வேறு ஒன்று. யாக்கோபு குடித்துச் செத்தான் என்று கூசாமல் சொல்கிறார்களே, அதுதான். குடித்தான், இல்லை என்று சொல்லவில்லை. எவன் ஊற்றிக் கொடுத்தான், எதற்கு ஊற்றிக் கொடுத்தான் என்று ஒருத்தனும் இதுவரை கேட்டதில்லை.

நான் படப்பையில் பம்புசெட் மெக்கானிக். ஒரகடத்துக்கு மேற்கே ஒரு கண்ணாடிக் கம்பெனி இருந்தது. கண்ணாடி உருக்குகிற சூளைக்கு அங்கேயே நிலக்கரியிலிருந்து கேஸ் எடுப்பார்கள். யாக்கோபுக்கு அந்தக் கேஸ் பிளான்ட்டில் கரி தள்ளுகிற வேலை. மீசை முளைத்த நாளிலிருந்து அதே வேலைதான். கம்பெனியை இழுத்து மூடியபோது அவன் வீட்டுக்குக் கொண்டுபோனது இருமல் ஒன்றைத்தான்.

தொண்ணூற்றொன்றில் அந்த இடத்தை விலை பேசினார்கள். வாங்குகிறவன், தரையைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தால்தான் ஆச்சு என்றான். கேஸ் எடுத்த கழிவெல்லாம் தரைக்கடியில் பெரிய தொட்டியில் தாராகத் தேங்கிக் கிடந்தது. காண்டிராக்டர் புருஷோத்தமன், இடம் தெரிந்த ஆள் என்று யாக்கோபையே கூப்பிட்டான். மேலே நின்ற தண்ணீரை இறைக்க நான் போனேன்.

தொட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டையையும் பினாயிலையும் சேர்த்துக் கொதிக்க வைத்த மாதிரி ஒரு நெடி. கண் எரியும், தொண்டை அடைக்கும். கையுறை கிடையாது, ஒன்றும் கிடையாது. காலையில் ஆளுக்கொரு கிளாஸ் சாராயம், அவ்வளவுதான். குடித்தால்தான் இறங்க முடியும். இறங்கினால்தான் கூலி.

"ஊத்திக்கினு எறங்கு யாக்கோபு, ஒண்ணும் தெரியாது" என்பான் புருஷோத்தமன்.

"ஒண்ணும் தெரியாதுன்னா நீயும் ஒரு தபா எறங்கிப் பாரேன் மொதலாளி."

எல்லாரும் சிரித்தார்கள். யாக்கோபும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினான். தொடை வரைக்கும் தார். சாயங்காலம் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால் தாரோடு தோலும் வந்தது.

வாரிய தாரையும் கறுத்த மண்ணையும் டிராக்டரில் ஏற்றி, யாக்கோபு குடியிருந்த காலனிக்குப் பின்னால் இருந்த பழைய கல்குட்டையில் கொட்டினார்கள். மேலே செம்மண்ணைப் போட்டு மூடினார்கள். வாங்குகிறவன் வந்தான், தரையைப் பார்த்தான், திருப்தியாகக் காரில் ஏறிப் போனான்.

ஐப்பசியில் நல்ல மழை. கார்த்திகையில் காலனி போர்வெல் தண்ணீரில் லேசாக ஆஸ்பத்திரி வாசனை வந்தது. சனங்களுக்குச் சந்தோசம். அக்கம்பக்கத்தில் வயிற்றுப்போக்கு பரவியிருந்த நேரம். பஞ்சாயத்தில் மருந்து போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்துவிட்டார்கள். குழந்தைகளுக்கு ஒரு டம்ளர் கூடவே கொடுத்தார்கள்.

யாக்கோபுக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. அவன் மகள் எழிலரசி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நான் அவனைப் பார்க்கப் போன அன்று, அவள் கையிலிருந்த சொம்பைத் தட்டிவிட்டான்.

"குடிக்காதம்மா! இது குழித் தாரு. எனக்குத் தெரியும் இந்த நாத்தம்."

அவன் பெண்சாதி கிளியம்மாள் பாய்ந்து வந்தாள். "மாசமா கீற பொண்ணு கையத் தட்டுறியே, நீ மனுசனா? மருந்து போட்ட தண்ணிய்யா அது. நீ ஊத்திக்கினு வர்றதவிடவா நாறுது?"

வீடு வீடாகப் போய்ச் சொன்னான். சொன்ன வாயில் சாராய நெடி. குழி வேலை முடிந்தும் அது அவனை விடவில்லை. "போய்ப் படுய்யா" என்றார்கள். பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனான். "மோட்டார் ஓடுது, தண்ணி வருது, அப்புறம் இன்னா? மோட்டார் நின்னா வந்து சொல்லு, லாரில தண்ணி அனுப்பறோம்" என்று திருப்பி அனுப்பினார்கள். ஊர்க் கிணற்றுக்குப் போகலாம் என்றால், காலனிக் குடத்தை அங்கே இறக்க விடமாட்டார்கள்.

மார்கழியில் யாக்கோபு படுத்துவிட்டான். கறுப்பாகச் சளி துப்பினான். ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டான். போனபோது வாசலில் கிறிஸ்மஸ் ஸ்டார் தொங்கியது. அதற்குக் கீழே எழிலரசி, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, குடத்தை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"மோட்டார் சத்தம் கேக்குதா?" என்றான்.

"கேக்குது."

"யார்யா மாட்டனது?"

"நான்தான். இன்னா அதுக்கு?"

"நல்லாத்தான் மாட்டிக்கீற. ஒரு நாளாச்சும் நிக்குதா பாரு, சனியன்."

சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தான். நகத்திடுக்கில் தார் அப்படியே இருந்தது.

"அது நின்னாத்தான் லாரி வரும். கழட்டு. கழட்டி எட்துக்கினு போயிடு. திருடன்னுவாங்கோ, அடிக்கக்கூட வருவாங்கோ. என் பொண்டாட்டியே வந்து உன் கால்ல வுழுந்தாலும் சரி, திரும்பக் கொணாந்து மாட்டிடாத."