லொறி நகராத காலை

சின்ன மாமா இறந்த மறுநாள் காலை அப்பாவின் லொறி நகரவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. மாமா போய்விட்டதைவிட லொறி நகராததுதான் எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

நாங்கள் கண்டியில், மஹய்யாவவில் இருந்தோம். அப்பா சொந்த லொறியில் மரக்கறி ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். சின்ன மாமா அம்மாவின் இரண்டாவது அண்ணன். ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். செய்தி வந்ததும் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் லொறியிலேயே கிளம்பினோம். அம்மா வழி நெடுக முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்தபடி வந்தாள். நாங்கள் போய்ச் சேரும்போது தோட்டம் முழுக்கப் பனிமூட்டமும் தூறலும். மாமா குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே, சரிவான பாதையில், அப்பா லொறியை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டார்.

அந்த வீட்டில் அன்று எல்லாம் பெரிய மாமா சொன்னபடிதான் நடந்தது. அவர் அம்மாவின் மூத்த அண்ணன். ஹுன்னஸ்கிரிய சந்தியில் கடை வைத்திருந்தார். பெட்டி எங்கே வாங்குவது, தப்பு அடிக்க யாரைக் கூப்பிடுவது, யார் யாருக்குச் சொல்லி அனுப்புவது என்பதெல்லாம் அவர் தீர்மானம். ஒரே ஓர் ஆளுக்குச் சொல்லக் கூடாது என்பதும் அவர் தீர்மானம்தான். அந்த ஆள், சின்ன மாமாவின் ஒரே மகள்.

அக்கா என்றுதான் நான் அவளைக் கூப்பிடுவேன். கண்டியில் துணிக்கடையில் வேலைக்குப் போன இடத்தில், அம்பிட்டியவைச் சேர்ந்த ஒரு சிங்களப் பையனை விரும்பிக் கல்யாணம் கட்டிக்கொண்டாள். த்ரீவீலர் ஓட்டுகிற பையன். அதற்குப் பிறகு அவள் தோட்டத்துக்கு வரவில்லை. வரக் கூடாது என்று பெரிய மாமா சொல்லியிருந்தார். சின்ன மாமா வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அண்ணன் பேச்சை மீறிப் பழக்கமில்லாத மனிதர் அவர்.

விடிந்தபோது தூறல் விட்டிருந்தாலும் குளிர் விடவில்லை. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அம்மா என் கவுனுக்கு மேல் இரண்டு சட்டைகளைப் போட்டு அதற்கும் மேல் தன் சால்வையையும் சுற்றிவிட்டிருந்தாள். வெளியே வந்து பார்த்தால், சிக்னல் கிடைக்கிற மேட்டில் அப்பா போனைக் காதில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். சிங்களத்தில், சின்னக் குரலில் பேசினார். எனக்குச் சிங்களம் விளங்காது. மரக்கறிக்காரரோடு பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மயானம் தோட்டத்தின் அடுத்த பிரிவில் இருந்தது. தோளில் சுமந்து போகிற குறுக்குப் பாதை அந்த மாதத்து மழையில் மண்சரிந்து போயிருந்ததால், பெட்டியை லொறியில் வைத்து ரோட்டைச் சுற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. ராகு காலத்துக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று பெரிய மாமா அவசரப்படுத்தினார். அப்பா ஏறி லொறியை ஸ்டார்ட் செய்தார். ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். லொறி ஒரு தரம் முக்கியது, பின்பக்கம் கொஞ்சம் அமுங்கியது, இஞ்சின் நின்றுபோனது. மறுபடி ஸ்டார்ட் செய்தும் அதே கதை.

அப்பா இறங்கி, எதையும் தொடுவதற்கு முன் நான்கு சக்கரங்களுக்கும் விறகுக் கட்டைகளை அண்டக் கொடுத்தார். தள்ளிப் பார்க்கலாம் என்று இளவட்டங்கள் முன்னே வந்தார்கள்.

"யாரும் கிட்ட வராதீங்க. இது சரிவு. பிரேக் திடீர்னு விட்டா ஆள் மேல ஏறிரும்."

சாக்கு ஒன்றை விரித்து அப்பா லொறிக்கு அடியில் படுத்தார். நானும் குந்தி உட்கார்ந்து குனிந்து பார்த்தேன். அப்பாவின் லொறியில் ஹேண்ட் பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. இஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற நீண்ட இரும்புத் தண்டைத்தான், நடுவில் ஒரு டிரம்மில் வைத்துப் பிடிக்கும். இதை அப்பா எனக்கு முன்பே காட்டியிருக்கிறார். அவர் முதலில் கேபிளைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. உறைக்குள் சேற்றுத்தண்ணீர் போய், பழைய கிரீஸ் குளிரில் மெழுகு மாதிரி இறுகிவிட்டது என்றார். தேத்தண்ணி அடுப்பிலிருந்து கேத்தலில் வெந்நீர் கொண்டுவரச் சொல்லிக் கேபிள் நெடுக ஊற்றினார். ஆவி கிளம்பியது. கேபிள் மெல்லத் தளர்ந்து பழைய இடத்துக்குப் போனது. ஆனாலும் தண்டு சுற்றவில்லை. உள்ளே இருக்கிற பிரேக் கட்டை இராத்திரி ஈரத்தில் துருவோடு சேர்ந்து டிரம்மில் ஒட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சுத்தியலால் டிரம்மைச் சுற்றிச் சுற்றித் தட்டினார்.

மேலே பெரிய மாமாவின் கால்கள் வந்து நின்றன.

"என்னா மாப்ள, பொணத்த வச்சிக்கிட்டு வேடிக்கையா? இந்த லொறிய நம்பித்தானா நான் எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணேன்?"

"இருங்க மச்சான், பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பெரிய மாமாவின் கால்கள் போய்விட்டன. அப்பா இன்னும் இரண்டு தட்டுத் தட்டினார். டொக் என்று ஒரு சத்தம். அப்பா தண்டைக் கையால் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தார். அது அசைந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"போ, போயி அம்மா பக்கத்துல இரு."

நான் எழுந்தேன். எனக்குப் பின்னால் சுத்தியல் சத்தம் மறுபடி தொடங்கியது. ஆனால் இப்போது அது டிரம்மின் சத்தமில்லை. அப்பா சும்மா லொறியின் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

முற்றத்தில் பெரிய மாமா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். லொறியைப் பார்க்கத் தெரியாதவனுக்கு லொறி எதற்கு, பெண் எடுத்த வீட்டுச் சாவுக்குக்கூட உருப்படியாக ஒன்றைச் செய்யத் தெரியவில்லை என்றெல்லாம். இரண்டு பேர் தலையாட்டினார்கள். தோட்டத்து ட்ரெக்டரைக் கேட்டு வாங்கிவரும்படி ஒருவரைத் துரை பங்களாவுக்கு அனுப்பினார். அப்பா அந்தக் குடும்பத்து மாப்பிள்ளை. அந்த வீட்டில் அதுவரை அவருக்கு முதல் இலைதான் போட்டிருக்கிறார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. உள்ளே ஓடினேன். பெட்டிக்குத் தலைமாட்டில் அத்தை, சின்ன மாமாவின் மனைவி, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து அவள் அழவுமில்லை, ஒரு வார்த்தை பேசவுமில்லை. அம்மா அவள் பக்கத்தில் இருந்தாள். நான் அம்மாவின் காதில், "பிரேக் சரியாயிருச்சும்மா. நான் பாத்தேன். அப்பா சும்மா தட்டிக்கிட்டு இருக்காரு" என்றேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்படியொரு கிள்ளு நான் அதற்கு முன் வாங்கியதில்லை. "வாய மூடிக்கிட்டு இரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். நான் ஓவென்று அழுதேன். சுற்றியிருந்த பெண்கள் என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மாமா மேல் இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்று சொல்லித் தாங்களும் அழுதார்கள்.

கீழ்ப்பாதையில் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது. ட்ரெக்டர் வந்துவிட்டது, பெட்டியைத் தூக்குங்கள் என்றார் பெரிய மாமா. நான்கு பேர் குனிந்தார்கள். ஆனால் சத்தம் வளைவிலேயே நின்றுவிட்டது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒருத்தி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி ஓடி வந்தாள். அக்கா.

தப்புச் சத்தம் நின்றது. பெரிய மாமா வாசலில் போய் நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டார். அக்கா படிக்குக் கீழே நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, எதுவும் கேட்காமல், அவர் கால்களைப் பார்த்தபடி நின்றாள். லொறியடியில் சுத்தியல் சத்தமும் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

உள்ளேயிருந்து அத்தை சொன்னாள்:

"வழிய விடுங்க. அவரு புள்ளைக்காகத்தான் இன்னும் கெடக்காரு."

குரல் பெரிதாக ஒன்றும் இல்லை. பெரிய மாமா திரும்பிப் பார்த்தார். அவர் முகம் என்னவோ போலானது. ஒரு கையை எடுத்தார். பிறகு மற்றக் கையையும் எடுத்தார். அக்கா அவரைத் தாண்டிப் போய்ப் பெட்டியின் மேல் விழுந்தாள். "அப்பா, நான் வந்துட்டேன்ப்பா" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அத்தை அவள் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, நேற்றிலிருந்து வராத அழுகையெல்லாம் அழுதாள்.

வாய்க்கரிசியை அக்காவும் போட்டாள். பெரிய மாமா தடுக்கவில்லை. அரிசித் தட்டை அவரே அவள் பக்கம் தள்ளி வைத்ததாக அம்மா பிற்பாடு சொன்னாள்; அதை நான் பார்க்கவில்லை.

அப்பா லொறியடியிலிருந்து வெளியே வந்தார். முதுகு, தலை, காது எல்லாம் சேறு. "இப்ப சரி மச்சான், எடுக்கலாம்" என்றார். ராகு காலம் என்று யாரோ சொன்னார்கள். பெரிய மாமா கேட்காதவர் போலப் பெட்டிக்குக் கை கொடுத்தார். கட்டைகளை எடுத்ததும் லொறி வெண்ணெயில் போகிற மாதிரி நகர்ந்தது.

பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. மேட்டில் நின்று பார்த்தோம். வளைவில் ஒரு த்ரீவீலர் ஓரமாக நின்றது. அதன் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பனியில் நனைந்துபோய் நின்றார். மேலே வர அவரை யாரும் கூப்பிடவில்லை, அவரும் வரவில்லை. லொறி அவருக்கு நேரே போனதும் நின்றது. பெரிய மாமா ஜன்னலில் தலையை நீட்டி என்னவோ கேட்டார்.

"பிரேக்க ஒருக்கா பாத்துர்றேன் மச்சான்" என்று மேடு வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு அப்பா இறங்கினார். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டு, சக்கரத்தையே உற்றுப் பார்த்தார். அந்த நேரத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் லொறியின் பின்பக்கம் போய், பெட்டியின் கால்மாட்டில் இரண்டு கைகளையும் வைத்துக் குனிந்து, நெற்றியை வைத்துக் கும்பிட்டார். வெகு நேரம் அப்படியே இருந்தார். அவர் நிமிர்ந்து விலகிய பிறகுதான் அப்பா எழுந்தார். எனக்கோ அழுகை வந்தது. பிரேக் நடுவில் இருக்கும்போது அப்பா முன் சக்கரத்தில் தேடுகிறாரே, தொழிலே மறந்துபோயிற்றா என்று.

சாயந்தரம் திரும்பி வரும்போது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, பெரிய மனுசி மாதிரி, கண்டியில் நல்ல மெக்கானிக்காகப் பார்த்து லொறியைக் காட்டச் சொல்லி அப்பாவிடம் சொன்னேன். இல்லாவிட்டால் எல்லோரும் அவரைத் திட்டுவார்கள் என்றும் சொன்னேன்.

"ஆமாடா, காட்டத்தான் வேணும்" என்றார் அப்பா, ரோட்டைப் பார்த்தபடி.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சொன்ன புத்தியை அப்பா கேட்டுக்கொண்டாரே என்ற நிம்மதியில், அவர் சேற்றுச் சட்டையில் சாய்ந்து தூங்கிப்போனேன்.