பர்கிஸ் வைத்த சதை

கிளமென்ட் பர்கிஸ் எழுதித் தள்ளிய கடிதங்களை மட்டும் பார்த்தால் ஏதோ மந்திரி என்று நினைக்கத் தோன்றும். பிரிஸ்பேன் பத்திரிகைக்கு ஒன்று, ரயில்வேக்கு ஒன்று, ஆட்டுப் பண்ணைகளுக்குக் கட்டுக்கட்டாக. நேரில் பார்த்தால் முழங்கையில் ஒட்டுப் போட்ட கோட்டும் மைக்கறை படிந்த விரல்களுமாக ஒரு ஒல்லி மனிதர். மேற்குக் குவீன்ஸ்லாந்தில் 'யாரண்டா ஸ்டாண்டர்ட்' என்ற வாரப் பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தார். நான் ஹெஸ்டர் லோமாக்ஸ், அங்கே அச்சுக் கோத்தவள். அவர் எழுதியதை ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கியே என் இளமை போயிற்று. அதனால் அவர் நடையைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.

ஒவ்வொரு பண்ணையிலும் எங்களுக்கு ஒரு நிருபர் இருந்தார். நிருபர் என்றால் சமையல்காரரோ, கடைக்காரரோ, பள்ளிக்கூட டீச்சரோதான். சம்பளம் கிடையாது, பத்திரிகை இலவசம். அவர்களுக்கு இரண்டு வரி எழுதுவதற்குள் கை வலித்துவிடும். அதற்காகப் பர்கிஸ் எல்லோருக்கும் ஒரே கடிதத்தைத்தான் அனுப்புவார்: "என்ன நடந்தது, யாருக்கு, எங்கே. எலும்பை மட்டும் அனுப்புங்கள். சதையை நான் வைத்துவிடுகிறேன்." அந்த நாளில் எல்லாப் பத்திரிகைகளும் அப்படித்தான் செய்தன. லண்டனிலிருந்து வரும் நாலு வார்த்தைத் தந்தியைப் பெரிய ஊர்க்காரர்கள் அரைப் பத்திக்கு ஊதவில்லையா? பர்கிஸ் நாற்காலியை விட்டு எழாமலே மணப்பெண்களுக்குப் பட்டு உடுத்தினார், சவ ஊர்வலங்களுக்குக் கூட்டம் சேர்த்தார். பட்டு வேண்டாம் என்று எந்த மணப்பெண்ணும் இதுவரை எழுதியதில்லை.

பிரிஸ்பேன் தினசரி ஒன்றுக்கும் அவர்தான் இந்தப் பக்கத்து நிருபர். அங்கேயிருந்த உதவி ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தால் பிரித்த கையோடு எனக்கு வாசித்துக் காட்டிவிடுவார்.

1911-ஆம் வருஷ வெள்ளத்தில் கோரா டவுன்ஸ் பண்ணைச் சமையல்காரரிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் லென் விக்கரி ஓடையைக் கடக்கும்போது குதிரையோடு வெள்ளத்தில் போய்விட்டார், கூட வந்தவர் வில்ஃப் ஹாலெட், விக்கரியை இங்கேயே புதைத்தாயிற்று. அவ்வளவுதான் சீட்டு. பர்கிஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் எழுதி முடித்தபோது ஹாலெட் தன் கூட்டாளியைக் காப்பாற்ற மூன்று முறை வெள்ளத்தில் குதித்திருந்தார். மூன்றாம் முறை அவரையே அரைப் பிணமாகத்தான் கரையில் இழுத்துப் போட்டார்களாம்.

"ஹாலெட்டுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டேன்.

"என்ன ஹெஸ்டர் கேள்வி இது? கூட்டாளி முழுகறான், இவன் கையக் கட்டிக்கிட்டா நிப்பான்?"

எங்கள் பக்கத்தில் அதற்கு மறுபேச்சு கிடையாது. கூட்டாளி என்றால் குதிப்பான். கோத்துவிட்டேன்.

பிரிஸ்பேனில் அதை அப்படியே போட்டார்கள். வாசகர்கள் உருகிவிட்டதாகவும் இன்னும் விவரம் வேண்டுமென்றும் உதவி ஆசிரியர் எழுதினார். பர்கிஸுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாவது கட்டுரையை என் கண்ணிலேயே காட்டாமல் நேராகத் தபாலில் சேர்த்துவிட்டார். பிறகு கடிதங்கள் மூட்டையாக வந்தன. ஹாலெட்டுக்குப் பதக்கம் கொடுக்க ஒரு கமிட்டியே போட்டுவிட்டார்கள். பர்கிஸ் ஒன்று விடாமல் பதில் எழுதினார்.

ஒருநாள் ஹாலெட்டே ஆபீசுக்கு வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும், வாட்டசாட்டமான ஆள். தொப்பியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் பர்கிஸ், நான் குதிக்கல," என்றார்.

பர்கிஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

"எனக்கு நீச்சல் தெரியாது. கரையில நின்னேன். அவன் போறதப் பாத்துக்கிட்டே நின்னேன். பண்ணையில அத்தன பேருக்கும் தெரியும். இப்போ ஆட்ட மருந்துத் தண்ணியில முக்கற தொட்டிப் பக்கம் நான் போகவே முடியல. 'மாப்ள, என் தொப்பி விழுந்துடுச்சு, ஒரு மூணு தடவ குதிச்சு எடுத்துக் குடேன்'ங்கறானுங்க. சாப்பாட்டு மேசையில சூப்ப நீட்டி, 'பாத்துடா, ஆழம் அதிகம்'ங்கறானுங்க."

"நல்லவிதமாத்தானே எழுதினேன்?"

"கெட்டதா எழுதியிருந்தா நாலு அறை விட்டுட்டுப் போயிருப்பேன். நல்லதா எழுதிட்டீங்களே, நான் என்ன பண்ணுவேன்? அவன் செத்த நாள்லேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. இதுல பதக்கம் வேறயா? அடுத்த வாரம் மாத்திப் போடுங்க. கரையில நின்னான்னு போடுங்க."

பர்கிஸ் தலையாட்டினார். ஹாலெட் போனதும் பிரிஸ்பேனுக்கு ஒரு கடிதம் எழுதினார், கிழித்தார். இன்னொன்று எழுதினார், அதையும் கிழித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாலு வரி போதும். வாயால சொல்லுங்க, நானே கோத்துடறேன்."

"அப்புறம் பிரிஸ்பேன்ல என்னை நம்புவாங்களா, ஹெஸ்டர்? இத்தன வருஷமா எழுதின எதையாவது நம்புவாங்களா?"

அந்த வாரம் திருத்தம் வரவில்லை. சனிக்கிழமை ஹாலெட் பத்திரிகையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றிக்கொண்டிருந்த நேரத்தில் எதிரே ஓட்டல் வாசலில் கோச்சு வண்டி வந்து நின்றது. கறுப்பு உடையில் ஒரு அம்மாள் இறங்கி, யாரிடமோ வழி கேட்டு, நேரே எங்கள் ஆபீசுக்குள் வந்தாள். உடம்பெல்லாம் செம்மண் புழுதி. கையில் துணி சுற்றிய ஒரு கேக் பொட்டலம்.

"நான் டூவும்பாவிலேருந்து வரேன். லென் விக்கரியோட அம்மா. ஹாலெட்டுங்கற பிள்ளைய எங்க பாக்கலாம்?"

நான் ஹாலெட்டைக் காட்டினேன். அவள் ஹாலெட்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவர் வெடுக்கென்று உருவிக்கொண்டார்.

"தொடாதீங்க, மிசஸ் விக்கரி. நான் குதிக்கல. எனக்கு நீச்சல் தெரியாது. பேப்பர்ல வந்தது பொய்." அவர் கழுத்து சிவந்துபோனதைப் பார்க்க எனக்கே கூசியது.

அவள் கேக்கை அவர் கையில் வைத்தாள்.

"நீச்சல் தெரியாதவன் குதிச்சா இன்னொரு அம்மாவும்தானே இங்க வந்து நிக்கணும்? அத விடுப்பா. கரையிலதானே இருந்த? அவன் கூப்பிட்டது உனக்குக் கேட்டுதா?"

"யாரக் கூப்பிட்டான்?"

"என்னைத்தான். தண்ணி மூடறதுக்கு முன்னாடி 'அம்மா'ன்னு கூப்பிட்டான்னு ரெண்டாவது தடவ போட்டிருந்தாங்களே." அவள் எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரிக்க முயன்றாள். "எங்கிட்ட கோவிச்சுக்கிட்டுப் போன பிள்ள. வருஷக்கணக்கா ஒரு வரி எழுதல. எம்மேல அவ்வளவு கோவம். அத படிச்சப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துது. எந்தக் குரல்ல கூப்பிட்டான்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

ஹாலெட் பர்கிஸைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் பொய்யைக் கழற்றிப் போட வந்த மனிதரிடம் இன்னொரு பொய்யை எப்படி எதிர்பார்ப்பது? அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாள் பர்கிஸ் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு அத யாரு சொன்னாங்க?"

எந்தக் கடிதத்துக்கும் அன்றைக்கே பதில் போடுகிற மனிதர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரும் சொல்லலம்மா. நானா எழுதினேன்."

அவள் கத்தவில்லை, சபிக்கவில்லை. கையுறையைச் சரிசெய்துகொண்டாள்.

"அழகா எழுதியிருந்தீங்க," என்றாள். பிறகு ஹாலெட்டிடம், "அவன எங்க வெச்சிருக்கீங்கன்னு காட்டு," என்று சொல்லி வெளியே நடந்தாள்.

அடுத்த இதழில் முதல் பக்கத்தில் திருத்தம் வந்தது. குதித்ததும் பொய், கூப்பிட்டதும் பொய், இரண்டையும் கட்டியவன் நான் என்று பர்கிஸ் தன் பெயரைப் போட்டு எழுதியிருந்தார். பிரிஸ்பேனிலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது. அதை அவர் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. அதன்பின் பத்திரிகையில் எலும்பு மட்டும்தான். மணப்பெண்களின் வீட்டிலிருந்து கோபமாகக் கடிதம் வந்தது. ஊரில் சந்தா குறைந்தது. ஹாலெட் வேறு பண்ணைக்குப் போய்விட்டார் என்று கேள்வி.

பல நாள் சாயங்காலம் பர்கிஸ் டூவும்பா விலாசத்தை உறையில் எழுதிவிட்டுத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 'அன்புள்ள மிசஸ் விக்கரி' என்பதற்கு மேல் பேனா நகராது.

"என்ன எழுதறது, ஹெஸ்டர்?" என்று ஒருமுறை என்னைக் கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. நேரமாயிற்று, ஆபீசைப் பூட்டலாமா என்று கேட்டேன்.